கேட்க மட்டும் அனுமதிக்கப்பட்டவர்கள்

2008 ஜூனில் சிட்னி மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு போதைப்பொருள் வழக்கு பாதியில் கலைக்கப்பட்டது. மூன்று மாதங்களுக்கு மேல் நடந்த விசாரணை. நூற்றுக்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்துபோயிருந்தார்கள். செலவு ஏறத்தாழ 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர். ஜூரர்கள் தலை நிமிராமல் குறிப்பெடுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, எவ்வளவு பொறுப்பானவர்கள் என்றே வழக்கறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். எழுதும் கை இடமிருந்து வலமாக நகராமல் மேலிருந்து கீழாக இறங்குவதைக் கவனித்தவர், ஆயுள் தண்டனை கிடைக்கக்கூடும் என்ற நிலையில் கூண்டில் இருந்த ஒருவர்தான். அவர்கள் சுடோகு போட்டுக்கொண்டிருந்தார்கள். விசாரணையின் இரண்டாம் வாரத்திலிருந்தே நான்கைந்து பேர் இப்படிப் பொழுதைப் போக்கிவந்ததை நீதிபதி பீட்டர் ஸாராவிடம் தலைமை ஜூரர் ஒப்புக்கொண்டார். மனம் மழுங்கிப்போகாமல் இருக்க அது உதவியதாக அவர் சொன்ன விளக்கத்தைப் படித்து உலகம் சிரித்தது. ஆனால் அந்த விளக்கத்தில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

நீண்ட விசாரணைகளில் ஜூரர்கள் தூங்கிவழிவதற்கும் கவனம் சிதறுவதற்கும் வழக்கமாக இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, பொறுப்பில்லாத ஆட்கள். இன்னொன்று, மனித மூளைக்குத் தாங்க முடியாத நீளம். முதல் காரணத்தை நம்புகிறவர்கள் தண்டனை கேட்கிறார்கள். இரண்டாவதை நம்புகிறவர்கள் ஜூரி முறையையே எடுத்துவிடச் சொல்கிறார்கள். இந்தியாவில் 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு ஜூரி முறை முடிந்துபோனதால் இது நமக்குச் சற்று அந்நியமான சண்டையாகத் தோன்றலாம். இலங்கையின் உயர் நீதிமன்றங்களில் ஜூரி இன்னும் சட்டத்தில் உண்டு. கவனம் பற்றிக் கடந்த முக்கால் நூற்றாண்டில் சேர்ந்திருக்கும் ஆய்வுகளை எடுத்துவைத்துப் பார்த்தால், இரண்டு தரப்பும் தவறான இடத்தில் குறையைத் தேடுவது புலப்படும். கவனம் குலைவதற்கு ஆளும் காரணமல்ல, நீளம் மட்டுமே காரணமும் அல்ல. ஓர் ஆளை நாற்காலியில் உட்கார வைத்து, பேசாதே, கேட்காதே, யாரோடும் விவாதிக்காதே, கடைசியில் மட்டும் முடிவு சொல் என்று கட்டளையிடும் ஏற்பாடு இருக்கிறதே, அதுதான் முதல் காரணம்.

இந்த ஆய்வுகளின் தொடக்கம் நீதிமன்றத்தில் இல்லை, கடலுக்கு மேலே இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்களைத் தேடிப் பறந்த பிரிட்டிஷ் விமானங்களில், ரேடார் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நேரம் ஆக ஆகப் புள்ளிகளைத் தவறவிட்டார்கள். அவர்களுடைய உயிரே அந்தப் புள்ளியில் தொங்கியபோதும் தவறவிட்டார்கள். காரணம் கண்டறியும் வேலை நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளரிடம் வந்தது. அவர் ஒரு கடிகாரம் செய்தார். வெள்ளை முகப்பு, எண்கள் கிடையாது, ஒரே ஒரு கருப்பு முள். நொடிக்கு ஒரு தாவல். எப்போதாவது ஒரு முறை அது இரட்டைத் தாவலாகத் தாவும். அதைக் கண்டால் பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரம் இதே வேலை. 1948இல் வெளியான அவருடைய முடிவுகளின்படி, சரிவு இரண்டாவது மணியில் தொடங்கவில்லை. முதல் அரை மணி நேரத்திலேயே கண்டுபிடிக்கும் திறன் 10 முதல் 15 விழுக்காடு வரை குறைந்துவிட்டது. அதன் பிறகு மெதுவாகச் சரிந்தது. இந்தப் பகுதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆய்வின் மறுபாதியை ஏனோ விட்டுவிடுகிறார்கள். நடுவில் தொலைபேசியில் ஒரு குரல் வந்து, மீதி நேரத்தில் இன்னும் நன்றாகச் செய்யுங்கள் என்று சொன்னாலே சரிந்த திறன் மீண்டது. ஒவ்வொரு முறையும் சரியா தவறா என்று உடனுக்குடன் சொல்லிவந்தபோது சரிவே பெரும்பாலும் தடுக்கப்பட்டது. ஆம்ஃபெட்டமின் மாத்திரையும் அதே பலனைத் தந்தது என்றாலும், அதை எந்த நீதிமன்றத்துக்கும் பரிந்துரைக்க முடியாது.

ரேடார் திரையும் சாட்சிக் கூண்டும் ஒன்றல்ல என்று இங்கே ஒருவர் தடுக்கலாம். சரிதான். சாட்சி பேசுவதற்குப் பொருள் இருக்கிறது, முகம் இருக்கிறது, சில நேரம் கண்ணீரும் இருக்கிறது. ஆனால் மாதக்கணக்கில் நீளும் வழக்குகளில் பெரும் பகுதி அப்படி இருப்பதில்லை. வங்கிக் கணக்கின் வரிகள், தொலைபேசி அழைப்புகளின் பட்டியல், ஒரு பொட்டலம் எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்குப் போனது என்று உறுதிப்படுத்தும் காவலர்கள் என்று வரிசையாக வருவார்கள். அந்தப் பட்டியலுக்குள் எங்கோ ஓர் இரட்டைத் தாவல் ஒளிந்திருக்கும். ஜூரரின் நிலை ஒரு வகையில் மேக்வொர்த்தின் ஆட்களைவிட மோசம். அவர்களுக்கு அழுத்த ஒரு பொத்தானாவது இருந்தது. கண்காணிக்கும் வேலை சும்மா உட்கார்ந்திருப்பதைப் போலத் தோன்றினாலும் அது கடும் மன உழைப்பு, உடலில் மன அழுத்தத்தின் தடயங்களை விட்டுச்செல்லும் உழைப்பு என்று ஜோயல் வார்மும் ராஜா பரசுராமனும் ஜெரால்ட் மேத்யூஸும் 2008இல் தொகுத்துக் காட்டினார்கள். உட்கார்ந்து கேட்கத்தானே சொல்கிறோம் என்று நினைக்கும் நீதிமன்றம் இந்த உழைப்பைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

ஆசிரியர் பயிற்சிகளில் ஒரு செய்தி விடாமல் ஓதப்படும்: மாணவரின் கவனம் 10 அல்லது 15 நிமிடம்தான் நிற்கும், பிறகு விழுந்துவிடும். நீதிமன்றச் சீர்திருத்தம் பேசுகிறவர்களும் இதைக் கடன் வாங்குவதுண்டு. 2007இல் கேரன் வில்சனும் ஜேம்ஸ் கோர்னும் இந்த எண்ணின் மூலத்தைத் தேடிப் போனபோது, அதைத் தாங்கி நிற்க உறுதியான சான்று ஏதும் அகப்படவில்லை. வேதியியல் வகுப்புகளில் மாணவர்கள் தங்கள் கவனம் விலகிய கணத்தை ஒரு பொத்தானால் தாங்களே பதிவுசெய்த ஆய்வு 2010இல் வந்தது. அதில் தெரிந்தது வேறு சித்திரம். கவனம் ஒரேயடியாகச் சரியவில்லை. குறுகிய விலகல்கள், பல ஒரு நிமிடமோ அதற்கும் குறைவோ, வகுப்பு முழுவதும் வந்துவந்து போயின. ஆசிரியர் ஒரு செய்முறையைக் காட்டியபோதும் கேள்வி கேட்டு விடை வாங்கியபோதும் விலகல்கள் குறைந்தன. அந்தப் பயன் அடுத்து வந்த சாதாரணப் பேச்சுக்கும் ஓரளவு நீடித்தது. ஆக, கவனத்துக்குக் காலாவதித் தேதி கிடையாது. கேட்பவர் ஏதாவது செய்ய வேண்டியிருக்கிறதா என்பதைப் பொறுத்து அது வந்துபோகிறது.

இப்போது சுடோகுவுக்கு வரலாம். பிரிட்டிஷ் உளவியலாளர் ஜாக்கி ஆண்ட்ரேட் 40 பேருக்கு வேண்டுமென்றே சலிப்பூட்டும்படி செய்த ஒரு தொலைபேசிச் செய்தியைக் கேட்கக் கொடுத்தார். விருந்துக்கு யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்பது மாதிரியான இரண்டரை நிமிடப் பேச்சு. பாதிப் பேர் கேட்டபடியே தாளில் அச்சிட்ட சிறு வடிவங்களுக்குப் பென்சிலால் நிழல் தீட்டினார்கள். பிறகு எதிர்பாராமல் நினைவுச் சோதனை வைத்தபோது, கிறுக்கியவர்கள் மற்றவர்களைவிட 29 விழுக்காடு அதிகமாக நினைவில் வைத்திருந்தார்கள். கைக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தால் மனம் பகற்கனவுக்குள் முழுதாக நழுவுவதில்லை என்பது அவர் தந்த விளக்கம். சிட்னி ஜூரர் சொன்னதில் உண்மையான பாதி இதுதான். பொய்யான பாதி, சுடோகுவும் கிறுக்கலும் ஒன்று என்று நினைத்தது. நிழல் தீட்டும்போது எதையும் மனத்தில் ஏந்திவைக்க வேண்டியதில்லை. சுடோகுவில் இந்த வரிசையில் ஏழு வந்தாயிற்று, அந்தக் கட்டத்தில் மூன்று வர முடியாது என்று பத்துத் தகவல்களை ஒரே நேரத்தில் ஏந்த வேண்டும். சாட்சி சொல்வதைப் பிடித்துவைக்கும் அதே நினைவிடத்துக்கு இரண்டும் போட்டிபோடும்; சுடோகு ஜெயிக்கும், அதில் விடை கிடைக்கும் என்பதால். விழித்திருக்க அவர்கள் தேடிக்கொண்ட வழி, விழித்திருப்பதன் நோக்கத்தையே தின்றுவிட்டது. அவர்களைக் குற்றம் சொல்ல வேண்டுமானால் சொல்லலாம். ஆனால் இரண்டாம் வாரத்திலேயே நான்கைந்து பேர் தாங்களாகவே ஒரு மருந்தைத் தேடிக்கொண்டார்கள் என்றால், நோய் அந்த அறையில் இருந்திருக்கிறது.

கவனத்தைப் பிடித்துவைப்பது தொடர்ச்சி. நான்சி பென்னிங்டனும் ரீட் ஹேஸ்டியும் 1988இல் செய்த சோதனை இதை அப்பட்டமாகக் காட்டியது. ஒரே கொலை வழக்கு, ஒரே சான்றுகள். மாற்றியது வரிசையை மட்டும். அரசுத் தரப்புச் சான்றுகளை நடந்த கதையின் வரிசையிலும், எதிர்த்தரப்புச் சான்றுகளைச் சாட்சிகள் வந்த வரிசையிலும் கொடுத்தபோது 78 விழுக்காட்டினர் குற்றவாளி என்றார்கள். வரிசையைத் தலைகீழாக்கியபோது அது 31 விழுக்காடாக இறங்கியது. கேட்பவர் தன் மனத்தில் ஒரு கதையைக் கட்டிக்கொண்டே வருகிறார். அதில் பொருந்தும் செய்தி நிற்கிறது, பொருந்த இடமில்லாதது உதிர்கிறது. நீண்ட விசாரணைகளிலோ சாட்சிகள் கதையின் வரிசையில் வருவதில்லை. நிபுணருக்கு என்றைக்கு நேரம் கிடைக்கும், வெளிநாட்டுச் சாட்சி எப்போது விமானம் ஏறுவார் என்பதைப் பொறுத்து வருகிறார்கள். நடுவே சட்டவாதம் என்றால் ஜூரியை வெளியே அனுப்பிவிடுகிறார்கள். நான்காம் மாதம் வரப்போகும் ஒன்றுக்காக இரண்டாம் மாதம் சொல்லப்படும் தேதியை எதற்குப் பிடித்துவைக்க வேண்டும் என்று ஜூரருக்கு யாரும் சொல்லுவதில்லை.

நீளமே எதிரி என்றால் மிக நீண்ட வழக்கின் ஜூரர்கள் மிக மோசமாக இருந்திருக்க வேண்டும். லண்டனின் ஜூபிலி சுரங்க ரயில் பாதைப் பணிகளில் நடந்ததாகச் சொல்லப்பட்ட ஊழல் வழக்கு 2003 ஜூனில் தொடங்கி, 21 மாதங்கள் இழுத்து, 2005 மார்ச்சில் தீர்ப்பே இல்லாமல் சரிந்தது. செலவு 6 கோடி பவுண்டு என்று மதிப்பிடப்பட்டது. நோய், ஒத்திவைப்பு, வருமான இழப்பால் தொடர மறுத்த ஜூரர் என்று காரணங்கள் அடுக்கடுக்காக இருந்தன. சாதாரண மக்களால் இத்தகைய வழக்கைப் பின்தொடர முடியாது என்பதற்கு இதையே சான்றாக அரசியல்வாதிகள் தூக்கிக் காட்டினார்கள். அந்த ஜூரர்களை யாரும் கேட்டிருக்கவில்லை. இங்கிலாந்தில் ஜூரி அறைக்குள் நடந்த ஆலோசனையைப் பற்றி விசாரிப்பதே சட்டப்படி குற்றம். ஆனால் இந்த வழக்கு ஆலோசனைக் கட்டத்தையே எட்டவில்லை; எனவே கேட்க முடிந்தது. சாலி லாய்ட்-பாஸ்டாக் அவர்களைப் பேட்டி கண்டு 2007இல் எழுதினார். அவர்களுக்கு வழக்கின் மீது நல்ல பிடி இருந்தது. சான்றுகளை நினைவிலிருந்து எடுத்து விளக்கினார்கள். அவர்களுடைய மனக்குறை சான்றுகளின் கடினம் பற்றியதாக இல்லை. வீணாய்ப்போன நாட்கள், எப்போது முடியும் என்று சொல்லாதது, வேலையிடத்தில் பட்ட பாடு ஆகியவற்றைப் பற்றியதாக இருந்தது. ஒரு வழக்கை வைத்து எல்லாவற்றையும் நிறுவிவிட முடியாது. தங்கள் புரிதலைப் பற்றி மக்கள் தாங்களே சொல்வதைப் பாதி கழித்துத்தான் எடுக்க வேண்டும். அப்படிக் கழித்த பிறகும், மூன்று மாத வழக்கில் சுடோகு, 21 மாத வழக்கில் பிடிமானம் என்ற முரண் அப்படியே நிற்கிறது. நீளத்தை மட்டும் வைத்து அதை விளக்க முடியாது.

கவனம் சிதறினால் என்ன, பன்னிரண்டு பேர் இருக்கிறார்களே என்பது பலமான எதிர்வாதம். ஒருவர் விட்டதை இன்னொருவர் பிடித்திருப்பார். ஹேஸ்டியும் அவருடைய சகாக்களும் 1983இல் வெளியிட்ட மாதிரி ஜூரி ஆய்வு இதற்கு ஆதரவாகவே நிற்கிறது: தனி ஜூரர் சான்றுகளில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை நினைவில் வைத்திருந்தார், குழுவாகச் சேர்த்துப் பார்த்தால் அது 90 விழுக்காட்டை எட்டியது. கேட்க ஆறுதலாக இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொருவரும் 40 விழுக்காட்டை மற்றவரோடு தொடர்பில்லாமல் தவறவிட்டால், ஒரு குறிப்பிட்ட சான்றைப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து தவறவிடும் வாய்ப்பு ஏறத்தாழ 60,000இல் ஒன்றுதான். நடைமுறையில் தொலைந்தது பத்தில் ஒன்று. அப்படியானால் அவர்கள் தனித்தனியாக மறக்கவில்லை, சேர்ந்து மறக்கிறார்கள். பன்னிரண்டு வலைகளை ஒன்றன் மேல் ஒன்றாக விரித்தாலும் கிழிசல் எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தால் மீன் தப்பிவிடும். அந்த ஆய்வில் காட்டப்பட்டது சில மணி நேரப் படம். மாதக்கணக்கான விசாரணையில் கிழிசல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழ இன்னும் காரணங்கள் உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள், பிற்பகலின் மந்தம் எல்லோரையும் ஒரே மணிக்குப் பிடிக்கிறது, ஒரே சலிப்பான சாட்சி எல்லோருக்கும் சலிப்பானவர். எண்ணிக்கை தரும் பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் அந்தப் பிற்பகலில்தான் அது மிகவும் மெலிந்துபோகிறது.

அப்படியானால் கடினமான வழக்குகளை நீதிபதியிடமே விட்டுவிடலாமே என்பது அடுத்த வாதம். 1986இல் இங்கிலாந்தின் ராஸ்கில் குழு, சிக்கலான மோசடி வழக்குகளுக்கு ஜூரியை நீக்கிவிட்டு, ஒரு நீதிபதியும் துறை அறிந்த இருவரும் அடங்கிய அமர்வை வைக்கச் சொன்னது. வேடிக்கை என்னவென்றால், அந்தக் குழு கேம்பிரிட்ஜில் இருந்த உளவியல் ஆய்வுக்கூடம் ஒன்றிடம் சோதனைகளும் செய்யச் சொல்லியிருந்தது. மேக்வொர்த் பணியாற்றிய அதே கூடம். கலைச்சொல் அகராதியும் வரைபடங்களும் கொடுத்தால் மக்களின் புரிதல் நன்றாகவே உயர்கிறது என்று அந்தச் சோதனைகள் காட்டின. அதைக் கையில் வைத்துக்கொண்டே குழு ஜூரியை நீக்கப் பரிந்துரைத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதற்கு ஒரு பிரிவும் எழுதப்பட்டது. ஒரு நாளும் நடைமுறைக்கு வராமல் 2012இல் நீக்கப்பட்டது. 2025இல் ஓய்வுபெற்ற நீதிபதி பிரையன் லெவ்சனின் அறிக்கை அதே யோசனையை மறுபடி எழுப்பியிருக்கிறது. ஆனால் நீதிபதியின் மூளை வேறு பொருளால் ஆனதல்ல. ஆஸ்திரேலியாவின் உயர் நீதிமன்றம் 2008இல் சேசான் வழக்கில் தண்டனைகளை ரத்துசெய்ய நேர்ந்ததே, விசாரணை நீதிபதி தூங்கியதால்தான். தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் அவருக்கு இருந்தது. அவருடைய குறட்டை ஜூரியின் கவனத்தைக் கலைத்தது என்பதும் அந்த வழக்கின் ஒரு பகுதி. நீதிபதிகள் சராசரியாக நன்றாகக் கவனிக்கிறார்கள் என்பதை மறுக்கவில்லை. ஏன் என்று பார்த்தால், அவர்கள் குறிப்பெடுக்கிறார்கள். புரியாததைச் சாட்சியிடமே கேட்கிறார்கள். பழைய பதிவுகளைப் புரட்டுகிறார்கள். வேண்டும்போது அவையை ஒத்திவைக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஜூரருக்கு மறுக்கப்பட்டவை. கருவிகளைப் பறித்துவிட்டு இரண்டு பேரின் திறமையை ஒப்பிடுவது ஒப்பீடே அல்ல.

அந்தக் கருவிகளைக் கொடுக்கலாமே என்றால் மரபுவாதிகள் சொல்வது இது: குறிப்பெடுப்பவர் சாட்சியின் முகத்தைப் பார்க்கத் தவறுவார், ஆலோசனையில் நோட்டுப்புத்தகக்காரர் கை ஓங்கும், கேள்வி கேட்கும் ஜூரர் ஒரு தரப்பின் வழக்கறிஞராக மாறிவிடுவார். இவை வெறும் ஊகங்களாக இருந்த காலம் முடிந்துவிட்டது. லாரி ஹியூவரும் ஸ்டீவன் பென்ராடும் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மாதிரி வழக்குகளை விட்டுவிட்டு உண்மையான நீதிமன்றங்களிலேயே இவற்றைச் சோதித்தார்கள். அஞ்சப்பட்ட தீங்குகள் தென்படவில்லை. குறிப்பெடுப்பதால் நினைவு பெரிதாக உயர்ந்ததாகவும் அவர்கள் காணவில்லை என்பதை மறைக்கக் கூடாது. அரிசோனா மாநிலம் 1995இல் இன்னும் துணிந்தது. ஜூரர்கள் எழுத்தில் கேள்வி கொடுக்கலாம். நீதிபதி இருதரப்பையும் கேட்டு அனுமதித்தால் அது சாட்சியிடம் கேட்கப்படும். உரிமையியல் வழக்குகளில், எல்லோரும் கூடியிருக்கும்போது, விசாரணை நடக்கும் காலத்திலேயே சான்றுகளைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும் செய்யலாம். ஷாரி டயமண்டும் நீல் விட்மரும் மேரி ரோஸும் அங்கே 50 உண்மையான வழக்குகளின் ஜூரி அறைகளைப் படம்பிடித்தார்கள். ஜூரர்களின் கேள்விகள் கட்சி கட்டவில்லை. பெரும்பாலும் தெளிவு தேடின, ஒரு சாட்சி சொன்னதை இன்னொன்றோடு சரிபார்த்தன. முன்கூட்டியே பேசினால் முன்கூட்டியே முடிவெடுத்துவிடுவார்கள் என்ற அச்சத்தை மட்டும் நானும் முழுதாகத் தள்ளிவிட மாட்டேன். ஒருவரின் விடுதலை தொங்கும் குற்ற வழக்குகளில் அந்தக் கதவைத் திறக்குமுன் இன்னும் சான்று வேண்டும். கேள்விக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை. நாளை ஒரு கேள்வி கேட்கலாம் என்று தெரிந்தவர் இன்று கேட்கும் விதமே வேறு.

நீதிமன்றங்கள் இதைச் செய்யத் தயங்குவதற்கு ஆழமான காரணம் ஒன்று உண்டு. ஜூரர்களின் கவனம் எவ்வளவு குலைகிறது என்பதைத் தெரிந்துகொள்ளச் சட்டத்துக்கே விருப்பமில்லை. அமெரிக்காவின் டானர் வழக்கில், புளோரிடாவில் பல வாரங்கள் நடந்த மோசடி விசாரணையின்போது சில ஜூரர்கள் மதிய இடைவேளையில் மது அருந்தினார்கள், கஞ்சாவும் கோகெயினும் பயன்படுத்தினார்கள், பிற்பகல்களில் தூங்கினார்கள் என்று சக ஜூரர்களே முன்வந்து சொன்னார்கள். 1987இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சாட்சியத்தை ஏற்க மறுத்தது. ஒவ்வொரு தீர்ப்பையும் பின்னால் கிளறினால் எந்தத் தீர்ப்பும் நிலைக்காது என்ற அதன் அச்சம் புரிந்துகொள்ளக் கூடியது. ஆனால் பிறகு கிளற முடியாது என்றால், நடக்கும்போதே பார்த்தாக வேண்டும். நீதிபதியின் மேடையிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை ஜூரிப் பெட்டியை நோக்கும் பார்வை, பிற்பகலில் கூடுதலாக ஓர் இடைவேளை, ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் இருதரப்பும் வழக்கு இதுவரை எங்கே வந்திருக்கிறது என்று சில நிமிடம் சொல்லுவது ஆகியவை பெரிய செலவு இல்லாதவை. மேக்வொர்த்தின் சோதனையில் அந்தத் தொலைபேசிக் குரல் செய்ததையே இவையும் செய்யும். நீதிபதி சொல்வதை எழுதியும் கொடுப்பதன் பலனை அளந்தே பார்த்திருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் செரில் தாமஸ் 2010இல் வெளியிட்ட ஆய்வில், நீதிபதி வாயால் சொன்ன சட்ட விளக்கத்தை 31 விழுக்காடு ஜூரர்களே சட்டம் கேட்கும் அளவுக்குச் சரியாகப் பிடித்திருந்தார்கள். அதன் சுருக்கத்தை ஒரு தாளில் அச்சிட்டுக் கையில் கொடுத்தபோது அது 48 விழுக்காடானது. தாள் கையில் இருந்தும் பாதிக்கு மேற்பட்டவர்கள் தவறவிட்டார்கள் என்பதும் அதே எண்ணில் இருக்கிறது. அவர்கள் கவனிக்காததால் தவறவிட்டவர்கள் அல்ல. அந்த விளக்கம் எழுதப்படும் நடையை எடுத்துப் பார்க்க வேண்டும், அது அடுத்த அத்தியாயத்தின் வேலை.